ஓட்டை ஜன்னலில் இல்லை: செயின்ட் பாலில் ஒரு பழைய வீட்டைக் குளிருக்கு இறுக்கிய பதிவு

முதல் தடவை அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது கண்ணில் பட்டவை துண்டுகள்தான். ஒவ்வொரு ஜன்னல் விளிம்பிலும் சுருட்டி அடைத்த குளியல் துண்டு, கிழிந்த போர்வை, ஒரு ஜன்னலில் குழந்தையின் பழைய ஸ்வெட்டர். அப்போது அக்டோபர் நடுப்பகுதி. மினசோட்டாக்காரர்கள் அதைக் குளிர் என்றே சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டுப் பாட்டி அதற்குள் தயாராகிவிட்டார்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரின் கிழக்குப் பகுதியில், 1926-இல் கட்டிய ஒன்றரை மாடி வீடு. பாட்டி லாவோஸிலிருந்து தாய்லாந்து முகாம் வழியாக வந்து சேர்ந்த மோங் இனத்தவர். மகனுக்கு இரவு ஷிஃப்ட் வேலை. இரண்டு பேத்திகள். மூத்தவள் பத்தாவது படிக்கிறாள். பாட்டி பேசுவதை எங்களுக்கும் நாங்கள் பேசுவதைப் பாட்டிக்கும் அவள்தான் மொழிபெயர்த்துச் சொன்னாள். டிசம்பர் பிறந்தால் மேல் அறையைச் சாத்திவிட்டு நான்கு பேரும் கீழே இரண்டு அறைகளில் நெருக்கிப் படுப்பார்களாம். மார்ச் கடைசியில்தான் மறுபடி மாடி.

நான் இங்கே ஒரு வெதரைசேஷன் குழுவில் வேலை செய்கிறேன், இது மூன்றாவது குளிர்காலம். அதற்கு ஒரே தமிழ்ச் சொல் எனக்கு இன்னும் அகப்படவில்லை. வீட்டைக் குளிருக்கு இறுக்கிக் கட்டுகிற வேலை என்று அம்மாவிடம் போனில் சொல்வேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

இதற்குப் பின்னால் இரண்டு அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. ஒன்று கட்டண உதவி. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து லைஹீப் என்பார்கள், 1981-இல் வந்தது. பணம் பெரும்பாலும் குடும்பத்தின் கைக்கு வராது, நேராகக் கேஸ் கம்பெனியின் கணக்குக்குப் போய்விடும். மற்றொன்று வெதரைசேஷன் உதவித் திட்டம். 1973 எண்ணெய் நெருக்கடியில் விலை ஏறித் தவித்த பிறகு 1976-இல் சட்டமானது. மத்திய எரிசக்தித் துறை பணம் தருகிறது, ஊர் அளவில் சமூக அமைப்புகள் வேலையை நடத்துகின்றன. குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக் கோட்டைப்போல் இரு மடங்குக்குள் இருந்தால் தகுதி உண்டு. முதியவர், மாற்றுத்திறனாளி, சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு முன்னுரிமை. வாடகை வீடென்றால் வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

கட்டண உதவி மட்டும் இருந்தால் ஒவ்வொரு குளிர்காலமும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். அதற்காக அதை நிறுத்தவும் முடியாது. ஜனவரியில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடாவிட்டால் இங்கே உயிர் தரிக்க முடியாது. இரண்டும் வேண்டும். எங்கள் மாநிலத்தில் இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம்தான். இந்த வீட்டு விண்ணப்பத்தை முந்தைய குளிர்காலத்தில் நிரப்பியது அந்தப் பேத்தி. வருமானச் சான்று, கேஸ் பில், எல்லாருடைய விவரமும். அப்போது அவளுக்கு 14 வயது.

அக்டோபர்: ஓட்டையைத் தேடுதல்

வேலைக்கு முன்னால் தணிக்கை. வாசல் கதவைத் திறந்து, அந்தச் சட்டத்தில் துணித்திரை ஒன்றை இறுக்கிப் பொருத்தி, அதன் நடுவில் பெரிய விசிறி வைப்போம். இதுதான் ப்ளோவர் டோர். விசிறி வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும். உள்ளே அழுத்தம் குறையும். இருக்கிற எல்லா இடுக்குகளிலிருந்தும் வெளிக்காற்று உள்ளே பாயும். அழுத்த வேறுபாட்டை 50 பாஸ்கலில் நிறுத்தி அளவு எடுப்போம். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று நான்கு புறமும் ஒரே நேரத்தில் வீட்டை மோதுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

மீட்டர் காட்டியது நிமிடத்துக்கு 3,900 கன அடி. இதைப் பத்தால் வகுத்தால் ஓட்டைகளின் மொத்தப் பரப்பு சதுர அங்குலத்தில் சுமாராக வரும். 390. ஒன்றரை அடிக்கும் கூடுதலான ஒரு சதுர ஜன்னலை ஆண்டு முழுக்கத் திறந்தே வைத்திருப்பதற்குச் சமம்.

விசிறி ஓடும்போது புகை விட்டுப் பார்ப்போம். கம்பெனிக் குப்பிகள் இருக்கின்றன. என் பையில் எப்போதும் ஊதுபத்தி இருக்கும். மெல்லிய புகை, நீண்ட நேரம் எரியும், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெளிவாகக் காட்டும். பாட்டிக்கும் வாசனை பிடித்திருந்தது.

ஜன்னல்களில் புகை கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். மாடிக்குப் போனோம். அங்கே சரிவுக் கூரைக்குக் கீழே இடுப்புயரச் சுவர் ஒன்று, அதில் முட்டி போட்டு நுழையும் அளவு சின்னக் கதவு. பத்தியை அருகில் கொண்டுபோனதுமே நுனி சிவந்தது, புகை கிடைமட்டமாகப் படுத்துவிட்டது. பாட்டியை அழைத்து அவர் கையைக் கதவு இடுக்கில் வைக்கச் சொன்னோம். அவர் கையை எடுக்கவே இல்லை. ஏதோ சொன்னார்.

“ஆறு மாதிரி வருது என்கிறார்,” என்றாள் பேத்தி. அப்புறம் பாட்டி இன்னொன்று கேட்டார். “ஜன்னல்களை மாற்றித் தருவீர்களா?”

எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி இது. ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்தால் முதுகு சில்லிடுகிறது, ஆகவே அங்கேதான் வெப்பம் போகிறது என்று தோன்றும். இந்தத் திட்டமே தொடக்க ஆண்டுகளில் அப்படித்தான் இருந்தது: ஜன்னலுக்கு பிளாஸ்டிக் தாள், கதவுக்கு ரப்பர் பட்டை, விரிசலுக்குப் பசை. ஒரு குளிர்காலம் தாங்கும். ப்ளோவர் டோரும் கணினித் தணிக்கையும் வந்த பிறகுதான் வேலை பரணுக்கும் சுவருக்குள்ளும் போனது. இப்போது ஒவ்வொரு வேலைக்கும் கணக்கு உண்டு: அது நீடிக்கும் காலத்தில் மிச்சமாகும் எரிபொருள் பணம், செலவைவிடக் கூடுதலாகவோ சமமாகவோ இருக்க வேண்டும். பரண் வேலை இந்தக் கணக்கில் சுலபமாகத் தேறும். புது ஜன்னல் பெரும்பாலும் தேறாது.

காரணம் எளிது. சூடான காற்று மேலே ஏறும். மேலே ஓட்டை இருந்தால் வெளியேறும். போன காற்றின் இடத்தை நிரப்ப அதே அளவு குளிர்காற்று கீழே பேஸ்மென்ட் இடுக்குகளிலும் ஜன்னல்களிலும் உள்ளே வரும். புகைபோக்கி வேலை செய்கிற அதே விதம். வீடே ஒரு புகைபோக்கி. பாட்டி உணர்ந்த ஜன்னல் காற்று இந்தப் பயணத்தின் கடைசிப் பகுதி. மேலே அடைத்தால் கீழே இழுப்பு தானாகத் தளரும். நான் நம் ஊரில் மொட்டை மாடி வெயில் மேலிருந்து இறங்கி வாட்டும் வீட்டில் வளர்ந்தவன். கூரைதான் முதல் எதிரி என்பது எனக்குப் புதிதாகப் படவில்லை, திசை மட்டும் மாறியிருந்தது.

பரணைத் திறந்ததும்

முதலில் பார்ப்பது இன்சுலேஷனின், அதாவது வெப்பம் போகாமல் தடுக்கப் பரப்பிய நிரப்பலின் நிறம். வெள்ளியும் பொன்னும் கலந்த கூழாங்கல் மாதிரி இருந்தால் கையை வைக்காமல் மூடிவிட வேண்டும். அது வெர்மிகுலைட். மொன்டானா மாநிலத்தின் லிப்பி சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது; 1990-இல் சுரங்கம் மூடப்பட்டது, ஆனால் பல வீட்டுப் பரண்களில் சரக்கு அப்படியே இருக்கிறது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் வேறு ஒரு வீட்டில் அதைப் பார்த்துவிட்டு வேலையை ஒத்திவைத்துத் திரும்பினோம். கூரை ஒழுகினாலும், பூஞ்சை பரவியிருந்தாலும் இதே கதி. மிகவும் தேவைப்படுகிறவர்களின் வீடுதான் மிகவும் பழுதாக இருக்கும், அந்தப் பழுதே அவர்களை வரிசையிலிருந்து தள்ளிவிடும். எங்கள் வேலைக்கு முன்னால் அந்தப் பழுதைப் பார்க்க இப்போது தனி நிதி வந்திருக்கிறது, ஆனால் போதாது. அப்படித் திரும்பி வருகிற நாட்களில் வண்டியில் யாரும் பேச மாட்டோம்.

இங்கே நல்லவேளையாக மூன்று அங்குலம் பழைய ராக்வூல்தான், பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு. ஒரு பக்கம் பீங்கான் குமிழ்களில் ஓடும் அந்தக் காலத்து மின்கம்பி கிடைத்தது. அதை இன்சுலேஷனில் புதைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் போகும். எலக்ட்ரீஷியன் வந்து மாற்றும்வரை ஒரு வாரம் காத்திருந்தோம்.

நவம்பர்: மூன்று நாள் வேலை

முதல் நாள் முழுக்க அடைப்பு மட்டும். பஞ்சு நிரப்பிவிட்டுப் பிறகு ஓட்டை தேட முடியாது. பஞ்சு காற்றை வடிகட்டும், நிறுத்தாது.

செங்கல் புகைபோக்கியைச் சுற்றி இரண்டு அங்குல இடைவெளி. முழங்கை ஊன்றிப் படுத்து அதற்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு தளம் கீழே, பேஸ்மென்ட்டில் எரிந்த பல்பின் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. முகத்தில் வெதுவெதுப்பான காற்று. துணி துவைக்கும் சோப்பு வாசனை. அங்கே குடியிருந்தவர்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று 90 ஆண்டுகளுக்கு மேலாக அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இங்கே நுரையாய் விரிந்து இறுகும் ஃபோம் அடிக்கக் கூடாது, தீப்பிடிக்கும். துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டை எல் வடிவில் மடக்கி நான்கு பக்கமும் ஆணியடித்து, விளிம்பில் தீ தாங்கும் கால்க் என்ற அடைப்புப் பசை இழுத்தோம். கழிவுநீர்க் குழாய் வெளிவரும் துளைக்கும் விளக்குப் பெட்டிகளுக்கும் சுவர் உச்சிகளுக்கும் ஃபோம்.

பெரிய வேலை அந்தச் சின்னக் கதவுக்குள். இடுப்புயரச் சுவர் தரையில் நிற்கிறது. ஆனால் தரைக்கு அடியில் உத்தரங்கள் அதைத் தாண்டி இறவாணம் வரை ஓடுகின்றன. உத்தரங்களுக்கு நடுவே இருக்கும் ஒவ்வொரு வெற்றிடமும் ஒரு சுரங்கப்பாதை. குளிர்காற்று இறவாணத்தில் நுழைந்து மாடித் தரைக்கும் கீழ் அறைக் கூரைக்கும் நடுவே அந்தக் கோடி வரை போகும். சுவரில் எவ்வளவு பஞ்சு வைத்தாலும் காலுக்கடியில் மைனஸ் 20 டிகிரி ஓடிக்கொண்டிருக்கும். மேல் அறை ஏன் சூடாகவே இல்லை என்பதற்கு அதுதான் விடை.

தீர்வு: சுவருக்கு நேர் கீழே ஒவ்வொரு வெற்றிடத்தையும் இரண்டு அங்குல ஃபோம் அட்டையால் அடைத்து, ஓரங்களுக்கு ஃபோம் அடிப்பது. ஒரு பக்கத்துக்கு 21, இரண்டு பக்கம் சேர்த்து 42. அளவெடுத்து ஒரே மாதிரி வெட்டலாம் என்று நினைக்க வேண்டாம். 1926-இல் தச்சர் கண்ணளவில் வைத்திருக்கிறார். ஒன்று பதினாலரை அங்குலம், அடுத்தது பதினைந்தேகால். ஒவ்வொன்றையும் தனியாக அளந்து, வெட்டி, படுத்தபடி உள்ளே தள்ள வேண்டும். முகமூடிக்குள் வியர்வை, முதுகில் கூரை ஆணி. பலகை மேல் பென்சிலால் எண் போட்டுக்கொண்டே போனேன்.

இரண்டாம் நாள் செல்லுலோஸ். பழைய செய்தித்தாளை அரைத்து, தீயும் பூச்சியும் அண்டாமலிருக்க போரேட் சேர்த்த சாம்பல் நிறப் பஞ்சு. லாரியில் இருக்கும் இயந்திரம் அதை உதிர்த்து, நீளக் குழாய் வழியாக ஊதும். முகட்டுப் பரணில் 14 அங்குலம் போட்டோம். வெப்பம் தாங்கும் அளவான ஆர் மதிப்பு சுமார் 9-லிருந்து 50-க்கு ஏறியது. இறவாணத்தில் கூரைக்கு அடியில் காற்று ஓட அட்டைத் தடுப்பு வைத்த பிறகே ஊத வேண்டும், இல்லாவிட்டால் கூரைப் பலகை ஈரம் கட்டும்.

சரிவுகளிலும் சுவர்களிலும் வேலை வேறு. வெளியே வினைல் உறையை நெம்பிக் கழற்றி, பலகையில் இரண்டரை அங்குலத் துளை போட்டு, குழாயைக் கோடி வரை செலுத்தி இறுக்கமாக நிரப்புவோம். கன அடிக்கு மூன்றரை பவுண்டு போக வேண்டும். காதால்தான் கண்டுபிடிக்கலாம்: இயந்திரத்தின் ஓசை முதலில் இலேசாக இருக்கும், நிறைய நிறைய அடித்தொண்டையில் முனகும், குழாய் கையில் கனக்கும். அப்போது அரை அடி பின்னுக்கு இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் நடுவில் வெற்றிடம் விழும். எங்கள் மேஸ்திரி (அவரை நான் மனதில் அப்படித்தான் அழைக்கிறேன்) வெளியே நின்று கேட்டே, “இன்னும் இரண்டு அடி பாக்கி இருக்கு, இழுக்காதே,” என்பார். தவறியதே இல்லை.

மூன்றாம் நாள் மாலை

சுவர்களை முடித்து, குளியலறைக்குச் சத்தம் குறைந்த புது விசிறி மாட்டினோம். இறுக்கிய வீட்டுக்குச் சுத்தமான காற்று வர ஒரு வழி வேண்டும். மறுபடி ப்ளோவர் டோர்: 2,080. எல்லாருக்கும் சந்தோஷம்.

அடுத்தது எரிகருவிச் சோதனை. எல்லா விசிறிகளையும் துணி உலர்த்தியையும் ஓடவிட்டு, கதவுகளைச் சாத்தி, பேஸ்மென்ட்டில் கேஸ் வாட்டர் ஹீட்டரைப் பற்றவைத்தோம். அதன் தலைக் குடைக்குக் கீழே ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை குழாய்க்குள் இழுபட வேண்டும். என் பக்கம் வந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், வந்துகொண்டே இருந்தது. கண்ணாடியைக் காட்டினேன், ஆவி படிந்தது. எரிந்த வாயு வீட்டுக்குள் கொட்டுகிறது.

என்ன நடந்ததென்றால், இரண்டு ஆண்டுக்கு முன் இந்த வீட்டில் பழைய ஃபர்னஸைக் கழற்றிப் புதியதை வைத்திருக்கிறார்கள். புதியது பிளாஸ்டிக் குழாயில் பக்கவாட்டில் புகை விடும் வகை. அதற்கு முன் ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்து அந்தச் செங்கல் புகைபோக்கியைச் சூடாக வைத்திருந்தன. இப்போது சின்ன ஹீட்டர் மட்டும் தனியாக அவ்வளவு பெரிய குளிர்ந்த புகைபோக்கியில் புகையை ஏற்ற வேண்டும். அக்டோபரில் மயிரிழையில் தேறியிருந்தது. நாங்கள் வீட்டை இறுக்கியதும் விசிறிகள் இழுக்கிற இழுப்பில் தோற்றுவிட்டது. அக்டோபரிலேயே இதைக் குறித்துவைத்திருக்க வேண்டும். தணிக்கையில் இருந்தவர்களில் நானும் ஒருவன், நான் குறிக்கவில்லை.

என் சட்டையில் இருந்த கார்பன் மோனாக்சைடு மீட்டர் அன்று சுழியத்தில்தான் நின்றது. ஆனால் பர்னர் ஒருநாள் அழுக்கேறினால் சுழியத்தில் நிற்காது. அந்தப் பேஸ்மென்ட்டுக்கு நேர் மேலே நான்கு பேர் தூங்குகிறார்கள். ஹீட்டருக்குப் போகும் கேஸை அடைத்து, சிவப்பு அட்டை கட்டினோம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. அலுவலகம் திங்கட்கிழமைதான் திறக்கும்.

வெந்நீர் இல்லை என்று பேத்தியிடம் சொல்லி, பாட்டியிடம் சொல்லச் சொன்னோம். பாட்டி கேட்டுக்கொண்டு அடுப்பைக் காட்டினார், தலையாட்டினார். முகாமில் இருந்தவர். மேஸ்திரி அன்றிரவே பெரிய மின்கெட்டில் இரண்டு வாங்கி வந்து கொடுத்தார். செவ்வாய்க்கிழமை விசிறி வைத்துப் புகையைச் சுவர் வழியாக வெளியே தள்ளும் புது ஹீட்டர் வந்தது. பாதுகாப்புக்கென்று திட்டத்தில் ஒதுக்கிய பணத்தில். மறுபடி சோதித்தோம், ஒரு சொட்டுப் புகைகூட உள்ளே வரவில்லை. இந்த வேலை கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அடைத்த அன்றே, வீட்டை விட்டுக் கிளம்பும் முன்னே, எரிகருவியைச் சோதியுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

டிசம்பர்: ஆய்வாளர்

எங்கள் குழுவைச் சேராத தர ஆய்வாளர் வந்தார். வெளியே மைனஸ் 12. வெப்பக் கேமராவுக்கு அந்த மாதிரி நாள்தான் வேண்டும். மாடித் தரையைக் காட்டினார்: திரை முழுக்க ஆரஞ்சு நிறம், நடுவில் ஒரே ஒரு ஊதாக் கோடு, சுவரிலிருந்து அறையின் பாதி வரை. ஓர் இடைவெளி விடுபட்டிருந்தது. வடக்குப் பக்கம், பழைய குழாய் ஒன்று குறுக்கே போகும் இடம். பென்சில் எண்களைப் போய்ப் பார்த்தேன். 13-க்கு அடுத்து 15.

பஞ்சை ஒதுக்கி, குழாய்க்காக அட்டையை இரண்டாக வெட்டி, சுற்றிலும் ஃபோம் அடித்து, 14 என்று எழுதினேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரையில் கோடு மங்கத் தொடங்கியது. கையெழுத்துப் போட்டார்.

ஜனவரிக்குப் பிறகு

முந்தைய ஜனவரியில் அவர்கள் எரித்தது 184 தெர்ம் (பில்லில் கேஸை அளக்கும் அலகு). இந்த ஜனவரி 131. இந்த ஆண்டு குளிர் சற்றுக் குறைவு, ஆகவே பில்லை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். குளிர்ந்த நாட்களின் அளவுக்கு வகுத்துப் பார்த்தேன். கால் பங்குக்கு நெருக்கமாகக் குறைந்திருந்தது. அதுவும் மேல் அறையையும் சூடாக்கி. கட்டண உதவியும் அந்த ஆண்டு வந்தது. பழைய பாக்கி அடைந்து, பில்லில் முதல் தடவையாக அவர்கள் பக்கம் சிறு வரவு நின்றதைப் பேத்தி போனில் படம் எடுத்து அனுப்பினாள்.

மார்ச் முதல் வாரம் குளியலறை விசிறியைச் சரிபார்க்கப் போனேன். கீழே துண்டுகளைக் காணோம், மடித்து அலமாரியில் இருந்தன. மாடியில் மேற்கு ஜன்னல் ஒன்றில் மட்டும் இன்னும் சுருட்டி வைத்திருந்தார். அந்தச் சட்டம் வளைந்திருக்கிறது, அங்கே உண்மையிலேயே காற்று வருகிறது. திட்டத்தின் கணக்கில் ஜன்னல் தேறாது. வண்டியில் சுருங்கும் பிளாஸ்டிக் தாள் ஒரு பெட்டி இருந்தது. ஜன்னலை ஒட்டி நீளப் பலகையில் பாட்டி மிளகாய் விதை போட்ட தட்டுகளை வரிசையாக அடுக்கியிருந்தார், சில இரண்டு இலை விட்டிருந்தன. ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைத்தோம். சட்டத்தில் இரட்டை ஒட்டுப்பட்டை ஒட்டி, தாளை இழுத்துப் பிடித்து, முடி உலர்த்தியால் சூடு காட்டினேன். சுருக்கம் நீங்கிக் கண்ணாடி போல நின்றது. பாட்டி விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, தட்டுகளை மறுபடி வெயிலுக்கு நகர்த்தத் தொடங்கினார்.